இரண்டாவது சாக்கெட்டில் எது உட்காரும்?

பழைய இரட்டை ப்ராசசர் மதர்போர்டு ஒன்று கைக்கு வந்தால், ஓடிக்கொண்டிருக்கும் ப்ராசசரை விட்டுவிட்டு, பக்கத்தில் காலியாகக் கிடக்கும் இரண்டாவது சாக்கெட்டின் மேல்தான் கண் போகும். அதே பெயரும் அதே வேகமும் எழுதிய இன்னொரு சிப்பைத் தேடிப் பிடித்து மாட்டுகிறோம், பின்கள் ஒழுங்காக இறங்குகின்றன, கிளிப்பும் விழுகிறது, பவர் பட்டனை அழுத்தினால் திரையில் ஒன்றுமே வருவதில்லை. அல்லது எல்லாம் வந்து, ப்ராசசர் ஒன்றுதான் என்று காட்டுகிறது. சிப் செத்துவிட்டது என்று ஓரமாகப் போட்டுவிடுபவர்கள் உண்டு. அவசரப்பட வேண்டாம், பெரும்பாலும் அந்தச் சிப் நன்றாகத்தான் இருக்கும். சாக்கெட்டில் உட்காருவது ஒன்று, பக்கத்தில் இருக்கும் ப்ராசசரோடு சேர்ந்து வேலை செய்வது முற்றிலும் வேறொன்று.

இரண்டு ப்ராசசர்கள் ஒரே மெமரியைப் பகிர வேண்டுமென்றால் மூன்று காரியங்கள் நடந்தாக வேண்டும். ஒன்று, எல்லோரும் பகிரும் பொதுக் கம்பிப் பாதையான பஸ்ஸில் யார் பேசுவது என்ற முறை. இரண்டு, ஒருவர் தன் கேஷில் (ப்ராசசர் தனக்கென வைத்திருக்கும் சின்ன வேக மெமரி) மாற்றி வைத்த மதிப்பை மற்றவர் பழைய மதிப்பாகப் படித்துவிடாமல் இருக்க, ஒருவர் செய்வதை மற்றவர் எந்நேரமும் ஒட்டுக்கேட்க வேண்டும். மூன்று, ‘என்னைக் கவனி’ என்று கீபோர்டும் டிஸ்க்கும் அனுப்பும் இன்டரப்ட்டுகளை யார் கவனிப்பது என்று பிரித்துக் கொடுக்க ஓர் ஏற்பாடு. இந்த மூன்றுக்கும் சிப்புக்குள் சர்க்யூட் வேண்டும், சிப்பின் பின்னில் அதற்கான கம்பி வெளியே வர வேண்டும், மதர்போர்டில் அந்தக் கம்பி எதிர் சாக்கெட்டுக்குப் போக வேண்டும், கணினியை எழுப்பும் மென்பொருளான பயாஸுக்கு அது தெரிந்திருக்க வேண்டும். இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி இல்லையென்றாலும் இரண்டாவது ப்ராசசர் வெறும் அலங்காரப் பொருள்.

இன்டெல் உலகில் இது வீட்டு விலைக்குப் பக்கத்தில் வந்தது இரண்டாம் தலைமுறை பென்டியத்தோடு. 60, 66 மெகாஹெர்ட்ஸில் ஓடிய முதல் பென்டியத்தில் இன்டரப்ட்டைப் பிரித்துக் கொடுக்கும் ஏபிக் என்ற பகுதி சிப்புக்குள் கிடையாது, வெளியே தனிச் சிப் வைக்க வேண்டும். 1994-ல் வந்த 90, 100 மெகாஹெர்ட்ஸ் பென்டியத்தில்தான் அதை உள்ளேயே வைத்தார்கள். கூடவே இரண்டு ப்ராசசர்களும் தங்களுக்குள் மட்டும் பேசிக்கொள்ளத் தனியாக நான்கு பின்களும் கொடுத்தார்கள். அதே வருடம் மல்டிப்ராசசர் ஸ்பெசிஃபிகேஷன் என்ற பொது விதியும் வந்தது. எத்தனை ப்ராசசர் இருக்கிறது, இன்டரப்ட் எந்த வழியாக வருகிறது என்று பயாஸ் ஆபரேட்டிங் சிஸ்டத்துக்குச் சொல்ல வேண்டிய அட்டவணையின் வடிவம் அது.

ஆனால் எல்லா பென்டியமும் இரட்டைக்கு ஆகாது, இதைப் பலர் கவனிப்பதில்லை. அந்தச் சிப்புகளில் அச்சிட்டிருக்கும் எஸ்-ஸ்பெக் என்ற இன்டெல்லின் அடையாள எண்ணுக்குப் பின்னால் ஒரு சாய்கோடு போட்டு மூன்று எழுத்துகள் இருக்கும். முதல் எழுத்து வோல்ட்டேஜ், இரண்டாவது டைமிங், மூன்றாவதுதான் நமக்கு வேண்டியது. அது ‘எஸ்’ என்றிருந்தால் இரட்டையிலும் ஓடும், ‘யு’ என்றிருந்தால் இரட்டை வேலைக்குச் சோதிக்கப்படாத சிப். ஒரே வேகம், ஒரே பெயர், கடைசி எழுத்து மட்டும் வேறு. விற்பவர் மேல்பக்கத்தை மட்டும் படம் எடுத்துப் போட்டிருந்தால் எல்லாப் பக்கமும் காட்டச் சொல்லிக் கேட்பதில் தவறே இல்லை. ப்ராசசரை மெமரியோடும் மற்ற பாகங்களோடும் இணைக்கும் சிப்செட்டிலும் இதே கதைதான்: 430எச்எக்ஸ் இரண்டு ப்ராசசரைத் தாங்கும், அதற்கு அப்புறம் வந்த 430டிஎக்ஸ் தாங்காது. புதியது என்பதால் கூடுதலாகச் செய்யும் என்று எண்ணிவிடக் கூடாது.

1995 கடைசியில் பென்டியம் ப்ரோ வந்தபோது பஸ்ஸையே மாற்றினார்கள். நான்கு ப்ராசசர்கள் வரை இடையில் வேறு சிப் இல்லாமல் ஒரே பஸ்ஸில் கோர்த்துவிடலாம். பேசும் முறைக்காக ஒவ்வொரு ப்ராசசரிடமும் ‘எனக்கு பஸ் வேண்டும்’ என்று கேட்கும் கம்பிகள் உண்டு, மதர்போர்டில் அவற்றை ஒருவரின் கேட்கும் கம்பி மற்றவரின் கவனிக்கும் கம்பியோடு சேரும்படி குறுக்காக இணைப்பார்கள். ரீசெட் முடியும் நொடியில் சிப்செட் அதில் ஒரு கம்பியை இழுத்துப் பிடிக்கும். தன் முதல் பின்னில் அதைப் பார்க்கும் ப்ராசசர் தன்னை ஒரு எண்ணாகவும், தன் அடுத்த பின்னில் பார்க்கும் ப்ராசசர் தன்னை வேறு எண்ணாகவும் எடுத்துக்கொள்ளும். யாரும் ஜம்பர் வைத்துச் சொல்ல வேண்டியதில்லை, எந்தச் சாக்கெட்டில் உட்கார்ந்திருக்கிறோம் என்பதே அடையாளம். எனக்கு மிகவும் பிடித்த வடிவமைப்புகளில் இது ஒன்று. பென்டியம் 2, பென்டியம் 3 இரண்டும் இதே முறையைத்தான் கொண்டிருந்தன, ஆனால் கேட்கும் கம்பிகளை இரண்டாகக் குறைத்துவிட்டதால் இரண்டு ப்ராசசருக்கு மேல் போகாது.

அந்த பஸ்ஸுக்கு இன்னொரு குணம் உண்டு. அதன் இரண்டு முனைகளிலும் சிக்னலை விழுங்கும் ரெசிஸ்டர்கள் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் சிக்னல் முனையில் மோதித் திரும்பி வந்து அடுத்த சிக்னலைக் கெடுக்கும். ஸ்லாட் 1 என்ற நீளத் துளையில் சொருகும் பென்டியம் 2 கார்ட்ரிட்ஜுக்குள்ளேயே அந்த ரெசிஸ்டர்கள் இருக்கின்றன. அதனால் இரட்டை ஸ்லாட் 1 போர்டில் ஒரே ஒரு ப்ராசசர் போட்டால், காலி ஸ்லாட்டில் டெர்மினேட்டர் கார்டு என்ற சின்னப் பலகையைச் சொருக வேண்டும். நான் இதைப் பட்டுத்தான் கற்றேன். இரண்டு ப்ராசசரோடு வந்த ஒரு போர்டு அடிக்கடி உறைந்து போக, எது கோளாறு என்று பார்க்க ஒன்றைக் கழற்றினேன். போர்டு எழவே இல்லை. மற்றதைக் கழற்றி இதைப் போட்டேன், அப்போதும் எழவில்லை. போர்டே போய்விட்டது என்று இரண்டு வாரம் ஒதுக்கி வைத்திருந்தேன். கடைசியில் ஒரு டெர்மினேட்டர் கார்டு கிடைத்துச் சொருகியதும் இரண்டு ப்ராசசரும் தனித்தனியாக ஓடின. உறைந்ததற்குக் காரணம் ஸ்லாட் தொடர்புகளில் படிந்திருந்த தூசு.

இந்தச் சங்கிலியில் ஒரே ஒரு கண்ணி இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு இன்டெல்லின் மலிவு ப்ராசசரான செலரானை விடச் சிறந்த பாடம் இல்லை. 1998 ஆகஸ்டில் வந்த மெண்டோசினோ செலரானில் 128 கே.பி. கேஷ் சிப்பின் முழு வேகத்தில் ஓடியது. பென்டியம் 2-ல் 512 கே.பி. இருந்தாலும் அது பாதி வேகம்தான். விலையோ மிகக் குறைவு. செலரானை இன்டெல் ஒற்றை ப்ராசசர் கணினிக்கு மட்டும் என்று விற்றது. ஆனால் சிலிக்கனுக்குள் இரட்டை வேலைக்கான சர்க்யூட் அப்படியே இருந்தது. தடுக்கப்பட்டது ஒரே ஒரு கம்பி: மற்றவர் பஸ்ஸைக் கேட்கிறாரா என்று கவனிக்கும் அந்த இரண்டாவது பின். ஸ்லாட் 1 செலரான் பலகையில் அது பி75 என்ற தொடர்புக்கு வந்து சேராமல் விடப்பட்டிருந்தது. பலகையில் துளையிட்டு மெல்லிய கம்பியை சால்டர் செய்து அதைச் சேர்த்தவர்களுக்கு இரட்டை செலரான் கிடைத்தது. சாக்கெட் 370 வடிவம் வந்ததும் வேலை இன்னும் சுலபமாயிற்று. இப்போது அந்த பின் ஏஎன்15 என்ற பெயரில் சிப்பிலேயே வெளியே வந்துவிட்டது, ஸ்லாட்டுக்கு மாற்றும் அடாப்டர் பலகையில் மட்டும் கம்பியைச் சேர்த்தால் போதும். 1999-ல் அபிட் நிறுவனம் பிபி6 என்ற போர்டில் அந்தக் கம்பியை மதர்போர்டிலேயே போட்டுக் கொடுத்துவிட்டது. இரண்டு மலிவு செலரானை வாங்கி மாட்டினால் போதும், சால்டரிங் அயர்ன் வேண்டாம். இரட்டை ப்ராசசர் என்பது சர்வர் அறையை விட்டு மாணவர்களின் மேசைக்கு வந்ததில் அந்தப் போர்டுக்குப் பெரிய பங்கு உண்டு.

2000-ல் வந்த அடுத்த செலரானில் இன்டெல் சிப்புக்குள்ளேயே அதை அணைத்துவிட்டது, எந்தக் கம்பியும் உதவாது. அதனால் ‘செலரான் இரட்டையில் ஓடும்’ என்று யாராவது சொன்னால் எந்தச் செலரான் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்து வோல்ட்டேஜ். பணத்தையும் சில சமயம் போர்டையும் பறிகொடுக்க வைப்பது இதுதான். ஸ்லாட் 1 என்ற ஒரே துளையில் 1997-ன் கிளமத் பென்டியம் 2 போகும், அது 2.8 வோல்ட். 1998-ன் டெஷூட்ஸ் பென்டியம் 2 போகும், அது 2.0 வோல்ட். 1999 கடைசியில் வந்த காப்பர்மைன் பென்டியம் 3 போகும், அது 1.6, 1.65 என்று இன்னும் கீழே. ப்ராசசர் தனக்கு எவ்வளவு வேண்டும் என்று சில பின்கள் மூலம் சொல்லும், போர்டில் உள்ள வோல்ட்டேஜ் ரெகுலேட்டர் அதைக் கொடுக்க வேண்டும். பழைய போர்டுகளின் ரெகுலேட்டர் 1.8 வோல்ட்டுக்குக் கீழே இறங்காது. நல்ல ரெகுலேட்டர் என்றால், புரியாத கோரிக்கை வந்ததும் மின்சாரமே கொடுக்காமல் நின்றுவிடும். அதனால்தான் 440பிஎக்ஸ் சிப்செட் காப்பர்மைனோடு நன்றாக ஓடும் என்றாலும், அதே சிப்செட் உள்ள எல்லாப் போர்டிலும் காப்பர்மைன் ஓடாது. ஒரே மாடல் பெயரில் முதல் ரிவிஷனில் ஓடாமல் பிந்திய ரிவிஷனில் ஓடுவதும் உண்டு. போர்டின் ஓரத்தில் சின்ன எழுத்தில் இருக்கும் ரிவிஷன் எண்ணை முதலில் பாருங்கள், மாடல் பெயரைப் பார்த்து மட்டும் வாங்காதீர்கள். இரட்டைப் போர்டுகளில் ஒவ்வொரு ப்ராசசருக்கும் தனி ரெகுலேட்டர் இருக்கும். சில பெரிய போர்டுகளில் இரண்டாவது ரெகுலேட்டர் தனியாகச் சொருகும் ஒரு மாட்யூல், அது இல்லாமல் விற்கப்பட்ட கணினியில் இரண்டாவது சிப்பை மட்டும் வாங்கிப் போட்டுவிட்டு விழிப்பது மிகச் சாதாரணம்.

2001-ல் வந்த டுவாலட்டின் பென்டியம் 3 அதே சாக்கெட் 370-ல் இறங்கும், ஆனால் பழைய போர்டில் ஓடாது. கோர் வோல்ட்டேஜ் குறைந்தது மட்டும் காரணமல்ல, பஸ்ஸின் சிக்னல் வோல்ட்டேஜே 1.5-லிருந்து 1.25-க்கு இறங்கிவிட்டது, சில பின்களின் வேலையும் மாறிவிட்டது. இரட்டைக்கென்று வந்தது 512 கே.பி. கேஷ் உள்ள பென்டியம் 3-எஸ் வகைதான், 1.4 கிகாஹெர்ட்ஸ் வரை போனது. அதற்குப் பின் பென்டியம் 4-ல் இரட்டை வசதியையே எடுத்துவிட்டு, வேண்டுமென்றால் சர்வருக்கான ஜியான் வாங்கு என்று கதவைச் சாத்தினார்கள்.

சரி, பின், கம்பி, வோல்ட்டேஜ் எல்லாம் சரி. இரண்டும் ஒரே மாதிரி இருந்தாக வேண்டுமா? பஸ் வேகமும், கோர் வேகமும், கேஷ் அளவும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பது இன்டெல்லின் விதி. ஸ்டெப்பிங், அதாவது ஒரே சிப்பின் திருத்தப்பட்ட பதிப்புகள், சற்று வேறுபட்டாலும் பல ஜோடிகளை அனுமதித்தார்கள், எதனோடு எது சேரும் என்று அட்டவணை போட்டு வெளியிட்டார்கள். ஆனால் ஸ்டெப்பிங் மாறும்போது மைக்ரோகோடும் மாறும். பென்டியம் ப்ரோவிலிருந்து, சிப்பின் பிழைகளைத் திருத்தும் மைக்ரோகோடை பயாஸ் ஒவ்வொரு முறை எழும்போதும் ஒவ்வொரு ப்ராசசருக்குள்ளும் ஏற்ற வேண்டும். பயாஸில் ஒரு ஸ்டெப்பிங்குக்கு உள்ளது, மற்றதற்கு இல்லை என்றால் ஒரு ப்ராசசர் திருத்தத்தோடும் மற்றது பிழையோடும் ஓடும். இப்படி ஓடும் கணினி உடனே விழாது. நான்கு நாள் நன்றாக ஓடிவிட்டு ஐந்தாம் நாள் காரணமே தெரியாமல் விழும். கண்டுபிடிக்க மிகக் கடினமான கோளாறு அது. புதிய சிப்பைத் தொடும் முன், பழைய சிப்போடு இருக்கும்போதே பயாஸைக் கடைசிப் பதிப்புக்குக் கொண்டுவந்துவிட வேண்டும் என்று நான் அடித்துச் சொல்வது இதனால்தான்.

பென்டியம் 2 ஒன்று, பென்டியம் 3 ஒன்று என்று கலப்பவர்களும் உண்டு. கேட்மை பென்டியம் 3-க்கும் டெஷூட்ஸுக்கும் பஸ் ஒன்று, வோல்ட்டேஜ் ஒன்று, எழுந்தும் விடும். ஆனால் பென்டியம் 3-ல் எஸ்எஸ்இ என்ற கூடுதல் கணக்குக் கட்டளைகள் உண்டு, பென்டியம் 2-ல் கிடையாது. ஒரு புரோகிராம் தொடங்கும்போது பென்டியம் 3-ல் ஓடுகிறது, எஸ்எஸ்இ இருக்கிறதா என்று சிப்பிடமே கேட்கிறது, இருக்கிறது என்று பதில் வருகிறது, நம்பி எஸ்எஸ்இ கட்டளைகளைப் போடுகிறது. கொஞ்ச நேரத்தில் ஆபரேட்டிங் சிஸ்டம் அந்தப் புரோகிராமை மற்ற ப்ராசசருக்கு நகர்த்துகிறது. அங்கே அடுத்த எஸ்எஸ்இ கட்டளை வந்ததும், இப்படி ஒரு கட்டளையே தெரியாது என்று ப்ராசசர் கை விரிக்க, புரோகிராம் செத்துவிழும். லினக்ஸ் கர்னல் இதை முன்பே யோசித்து, எல்லா ப்ராசசரிலும் பொதுவாக உள்ள வசதிகளை மட்டுமே தனக்கென எடுத்துக்கொள்ளும். ஆனால் புரோகிராம் நேராகச் சிப்பிடம் கேட்டால் கர்னலால் தடுக்க முடியாது. வேகம் வேறுபடும் ஜோடியில் நேரத்தை அளக்கும் உள் கவுன்ட்டரும் வேறு வேறு வேகத்தில் ஓடும், அதை நம்பி நேரம் பார்க்கும் புரோகிராமுக்குக் காலம் முன்னும் பின்னும் குதிக்கும். எழுகிறது என்பதற்காக இந்தக் கலப்பை யாருக்கும் நான் சொல்ல மாட்டேன்.

இன்டெல்லின் போட்டியாளரான ஏஎம்டி பக்கம் கதை வேறு. 1990-களில் ஏஎம்டியும் சைரிக்ஸும் இன்டெல்லின் ஏபிக்குக்குப் பதிலாக ஓபன்பிக் என்ற முறையை முன்வைத்தன, அதைத் தாங்கும் சாதாரண போர்டு வராமலே போனதால் ஏஎம்டியின் கே6 ப்ராசசரில் இரட்டை என்பது நடக்கவில்லை. 2001-ல் இரட்டைக்கான அத்லான் எம்பியும் 760எம்பி சிப்செட்டும் வந்தன. இங்கே பகிரும் பஸ்ஸே கிடையாது, ஒவ்வொரு ப்ராசசருக்கும் சிப்செட்டுக்குத் தனி வழி, எனவே பஸ்ஸுக்காகக் கேட்டு நிற்கும் கம்பியும் இல்லை. ஒற்றைக்கென்று விற்ற அந்தத் தலைமுறை அத்லான் எக்ஸ்பி சிப்புகள் எம்பி போர்டில் ஓடியதற்கு இதுவும் ஒரு காரணம். எக்ஸ்பியையும் எம்பியையும் பிரித்தது சிப்பின் மேல்பக்கம் எல்5 என்ற வரிசையில் உள்ள ஒரு சின்ன இணைப்பு. கடத்தும் மையால் அதைச் சேர்த்து எக்ஸ்பியை எம்பியாக்கினார்கள். 2003-க்கு அப்புறம் வந்த எக்ஸ்பிகளில் இது பூட்டப்பட்டுவிட்டது, ஆகவே தயாரிப்பு வாரம் முக்கியம்.

ப்ராசசர்கள் நேருக்கு நேர் இணைப்பில் பேசத் தொடங்கிய பின் குழப்பம் குறைந்தது, ஏனென்றால் எண்ணே சொல்லிவிடும். ஏஎம்டியின் 2003-ன் ஆப்டெரானில் முதல் இலக்கம் 1 என்றால் ஒற்றை, 2 என்றால் இரட்டை, 8 என்றால் எட்டு வரை. இரட்டை போர்டில் ஆப்டெரான் 148 ஒன்றைப் போட்டால் ஓடலாம், இரண்டைப் போட்டால் ஒன்றையொன்று அறியாது. எல்ஜிஏ1366 சாக்கெட் ஜியானிலும் அப்படியே: 3500 வரிசையிலும் கோர் ஐ7-920-லும் க்யூபிஐ என்ற நேரடி இணைப்பு ஒன்றுதான், அது சிப்செட்டுக்கே சரி. 5500, 5600 வரிசையில் இரண்டு உண்டு, ஒன்று சிப்செட்டுக்கு, ஒன்று பக்கத்து ப்ராசசருக்கு. பிந்திய இ5 ஜியானில் கோட்டுக்குப் பின் வரும் முதல் இலக்கத்தைப் பாருங்கள், 1600 ஒற்றை, 2600 இரட்டை. இந்த இ5 போர்டுகளில் இன்னொன்றும் நினைவில் வையுங்கள்: மெமரி கன்ட்ரோலரும் பிசிஐ எக்ஸ்பிரஸும் ப்ராசசருக்குள் போய்விட்டன, இரண்டாவது சாக்கெட் காலியாக இருந்தால் அதன் பக்கத்து மெமரி ஸ்லாட்டுகளும் சில கார்டு ஸ்லாட்டுகளும் சேர்ந்தே செயலற்றுப் போகும்.

சாக்கெட் ஒன்றாக இருந்தும் தலைமுறை தடுக்கும் சம்பவங்கள் இங்கும் தொடர்கின்றன. எல்ஜிஏ771-ல் 5000 சிப்செட் போர்டுகளில் பல, 2007 கடைசியில் வந்த 45 நானோமீட்டர் ஜியான் 5400 வரிசையை ஏற்காது. எச்பி இசட்800 கணினியில் பயாஸின் தொடக்கப் பகுதியான பூட் பிளாக்கின் தேதி 2009 என்றிருந்தால் 5600 வரிசை ஓடாது, 2010 என்றிருந்தால் ஓடும், அந்தப் பகுதியைச் சாதாரண பயாஸ் அப்டேட் மாற்றாது. 2009-ன் இரட்டை ப்ராசசர் மேக் ப்ரோவில் மேல் உலோக மூடி இல்லாத சிப்புகளைப் போட்டிருந்தார்கள். மூடியுள்ள சிப்பை அதில் வைத்தால் ஹீட்சிங்க் உயரமே ஒத்துவராது.

ஆபரேட்டிங் சிஸ்டம் விஷயத்தில் சுருக்கமாகச் சொல்லலாம். விண்டோஸ் 95, 98, எம்இ மூன்றும் இரண்டாவது ப்ராசசரைத் திரும்பிக்கூடப் பார்க்காது. விண்டோஸ் 2000 ப்ரொஃபஷனலும் எக்ஸ்பி ப்ரொஃபஷனலும் இரண்டு சாக்கெட் வரை எடுத்துக்கொள்ளும், எக்ஸ்பி ஹோம் ஒன்றோடு நின்றுவிடும். ஒற்றை ப்ராசசர் இருந்தபோது நிறுவிய விண்டோஸில், ஹால் என்ற அடிப்படைப் பகுதி ஒற்றைக்கானதாக இருந்தால் அதை மாற்ற வேண்டும். லினக்ஸ் 1996-ன் 2.0 பதிப்பிலிருந்தே இரட்டையைத் தாங்கியது.

ஆக, இரண்டாவது சிப் கைக்கு வந்ததும் நேராக இரண்டாவது சாக்கெட்டில் போடாதீர்கள். ஓடிக்கொண்டிருப்பதைக் கழற்றிவிட்டு முதல் சாக்கெட்டில் இதைத் தனியாகப் போட்டு எழுப்புங்கள், ஸ்லாட் போர்டு என்றால் காலி ஸ்லாட்டில் டெர்மினேட்டரோடு. பயாஸ் பெயரையும் வேகத்தையும் சரியாகச் சொல்கிறதா, வோல்ட்டேஜ் எவ்வளவு காட்டுகிறது என்று பாருங்கள். தனியாக ஓடும் இரண்டு சிப்புகள் சேர்ந்து ஓடவில்லையென்றால், இரண்டின் எஸ்-ஸ்பெக் எண்ணையும் போர்டின் ரிவிஷனையும் எழுதி வைத்துக்கொண்டு, உற்பத்தியாளர் வெளியிட்ட பொருத்த அட்டவணையைத் திறந்து உட்காருங்கள். அதே எஸ்-ஸ்பெக்கில் ஒரு ஜோடி கிடைத்தால், தனித்தனியாக வாங்குவதை விடக் கொஞ்சம் கூடுதல் விலை என்றாலும் ஜோடியாகவே எடுத்துவிடுங்கள்.